கட்சாலுக்கு ஒரு வெளியாள்

சென்ற சித்திரையில் நான் அந்தமானுக்குச் சென்றது பேசுவதற்காக. போர்ட் பிளேயரில் வாழும் தமிழர்கள் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றுமாறு அழைத்திருந்தனர். அவர்களுடைய அழைப்பு வந்த அதே கிழமையில் இன்னொரு மடலும் வந்தது. கோடிட்ட தாளில் கரிக்கோலால் எழுதிய மடல். எழுதியவர் கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத் தொழிலாளி செல்லையா.

கட்சால், நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்று. இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் உழைத்துத் தாயகம் திரும்பிய குடும்பங்களை அரசு இந்த எழுபதுகளில் அங்கே குடியமர்த்தி வருகிறது. செல்லையாவின் குடும்பம் அதற்கு முந்திய ஐப்பசியில்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. மடலில் இருந்தவை நான்கே வரிகள். "சித்திரா பவுர்ணமி அன்னைக்கு நிலா ஏறும் முன்னே ஐயா எங்கள் ஊரில் இருக்க வேணும். என் சம்சாரம் முத்தாயி அவள் அம்மாவுக்காக விரதம் பிடிக்கிறாள். வெளியாள் ஒருவர் வந்தால்தான் அது முடியும். மறுக்காமல் வர வேணும்."

தாயை இழந்தோர் சித்திரை முழுநிலா நாளில் நோன்பிருந்து, விளக்கேற்றி வழிபட்டு, கஞ்சி வார்ப்பது இலங்கைத் தமிழரிடையே பரவலான வழக்கம். அவ்விழாவுக்குச் சிறப்புச் சொற்பொழிவாளரை நாடுகிறார்கள் என்று நான் பொருள் கொண்டேன். முப்பது ஆண்டுகள் மேடையிலேயே வாழ்ந்தவனுக்கு வேறு பொருள் தோன்றவில்லை. வருகிறேன் என்று உடனே மறுமொழி எழுதினேன்.

இனிச் செல்ல விரும்புவோர் குறித்துக்கொள்ள வேண்டியவை சில. சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்குக் கப்பலில் நான்கு பகல், மூன்று இரவு. கீழ்த்தட்டில் அடுக்குக் கட்டில். அதை எல்லோரும் 'பங்க்' என்கிறார்கள். கட்டணம் எழுபத்தெட்டு உருபா, உணவு தனி. நிக்கோபார்ப் பகுதி பழங்குடியினர்க்கெனக் காக்கப்பட்ட நிலமாதலால் அரசின் நுழைவிசைவு இன்றி அங்கே ஒருவரும் கால்வைக்க இயலாது. அதற்கு இரண்டு ஒளிப்படங்களும், அழைத்தவரின் மடலும், ஒன்பது நாள் பொறுமையும் வேண்டும். எனக்குக் கிடைத்த இசைவில் 'சொற்பொழிவாற்ற' என்றே குறித்திருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

என்னை அழைத்துச் செல்லச் செல்லையாவே போர்ட் பிளேயருக்கு வந்திருந்தார். நாற்பத்தைந்து அகவை இருக்கும். ஒல்லியான உடல், கழுத்துவரை பொத்தானிட்ட சட்டை. அன்று மாலை லம்பா லைன் குடியிருப்புத் திடலில் என் மூன்றாம் சொற்பொழிவு. இரத்தலை ஒழிப்பது பற்றிப் பேசினேன். "ஏந்திய கை உழாது! ஏந்திய கை எழுதாது! ஏந்திய கையைத் தமிழன் கை என்று நான் அழைக்க மாட்டேன்!" என்றபோது எழுந்த கையொலி அடங்க நெடுநேரம் ஆயிற்று. முன்வரிசையில் அமர்ந்திருந்த செல்லையா மட்டும் கைதட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து பார்ப்பவனுக்குக் கைதட்டாதவர் கண்ணில் படாமல் போவதில்லை. அலுப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

முழுநிலாவுக்கு இரண்டு நாள் முன்பு, மாலை நான்கு மணிக்குக் கப்பல் புறப்பட்டது. துறைமுகத்தை ஒட்டிய சாத்தம் தீவின் மர அறுவை ஆலை கண்ணுக்கு மறைந்ததுமே அலை தொடங்கிவிட்டது. போர்ட் பிளேயரிலிருந்து கட்சாலுக்கு ஏறத்தாழ இருநூற்றறுபது கல் தொலைவு. தட்டுக் கட்டணம் இருபத்தொரு உருபா. இடையில் கார் நிக்கோபாரில் நின்று செல்லும். கணக்குப்படி முழுநிலா நாளின் காலை ஆறு மணிக்கே கட்சாலில் இறங்கியிருக்க வேண்டும். கார் நிக்கோபாரில் கடல் கொந்தளித்துச் சரக்கை இறக்கவிடவில்லை. இரவு முழுவதும் நங்கூரமிட்டு ஆடிக்கொண்டே கிடந்தோம். மறுநாள், அதாவது முழுநிலா நாள், காலை ஆறு மணிக்குத்தான் அங்கிருந்தே புறப்பட்டோம்.

நான் உண்டது ஒன்றும் வயிற்றில் தங்கவில்லை. பாலில்லாத் தேநீர் அரைக் குவளை; அதையும் கடலுக்கே கொடுத்தேன். செல்லையா என்னருகில் அமர்ந்து கதிரவன் நிற்கும் உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முத்தாயி இந்நேரம் எந்திரிச்சுக் குளிச்சிருக்கும்," என்றார் ஒருமுறை. "இன்னிக்கிப் பச்சத் தண்ணி நாக்குல படாது அதுக்கு. போன வாரந்தான் காச்ச விட்டுச்சுங்க. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரு, தண்ணி குடிக்காமக் கெடந்தா ஒடம்பு தாங்காதுன்னு கண்டிசனாச் சொல்லிப்புட்டாரு. கேக்கணுமே."

"நிலா எழுந்ததும் அருந்துவார் அல்லவா?"

"நெலா ஏறணும். வெளியாளும் வரணும். ரெண்டும் சேந்தாத்தான்."

ஒருத்தியின் உயிர் என் வருகையைப் பார்த்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய துணிப்பையில் போர்ட் பிளேயர்க் கடைத்தெருவில் வாங்கிய புதுத்துண்டு ஒன்று இருந்ததை முன்பே பார்த்திருந்தேன். மேடையில் எனக்குப் போர்த்தவிருக்கும் துண்டு என்றே எண்ணினேன். அத்தகைய துண்டுகள் என் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

மூன்றரை மணிக்குக் கட்சாலின் கிழக்குக் கரை தெரிந்தது. கப்பல் நெருங்க ஆழமில்லை, தொலைவிலேயே நின்றுவிட்டது. ஆட்களை இறக்க விசைப்படகு வந்தது. அங்கே அதை 'டுங்கி' என்கிறார்கள். ஓட்டி வந்தவர் காசிம், தொண்டிப் பக்கத்துக்காரர். பத்தாண்டுகளாக அத்தீவுகளில் படகோட்டுபவர். படகில் இறங்கிய பயணிகள் நாங்கள் இருவரே. ஏணியிலிருந்து படகுக்குத் தாவும் அந்த ஒரு நொடியில் இரு கைகளும் வெறுமையாய் இருக்க வேண்டும். பைகளை முன்னதாகவே கயிற்றில் கட்டி இறக்கிவிடுங்கள்.

கரை கண்ணெதிரே, அரைக் கல் தொலைவில். ஆனால் காசிம் விசையை நிறுத்திவிட்டார். முழுநிலா நாளில் கடல் மற்ற நாள்களைவிட மிகுதியாய் வற்றும். கரைக்கு முன்னே நீண்டு கிடந்த பவளப் பாறையின்மேல் முழங்கால் அளவு நீர்கூட இல்லை.

"பாறையில ஏத்துனா அடிப்பலகை போயிரும். பானி ஏறட்டும். ஏக் கண்டா, ஒண்ணரை மணி நேரமாவது ஆகும், சாப்."

செல்லையா எழுந்து நின்றார், அமர்ந்தார், மறுபடி எழுந்தார். "நான் எறங்கி நடந்துர்றேன், காசிம் பாய்."

"அரே, உக்காருங்கண்ணே! பாறை சீவிப்புடும். ஒத்தக் காலோட போயி எதுக்கு? முத்தாயிக்காவுக்கு நீங்களா வேணும்? இவுகதான் வேணும்."

மணி நான்கரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. வெயில் தணிந்தது. செல்லையா என் பக்கம் திரும்பினார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அய்யா, ஒண்ணு கேக்கலாங்களா? அன்னிக்கி லம்பா லைன்ல பேசுனீங்களே, கை ஏந்துறதப் பத்தி. அது எல்லாருக்குந்தானா? ஒரே ஒரு நாளைக்கி மட்டும் வேணா விதிவெலக்கு கெடைக்குமா?"

"எந்நாளுக்கும் இல்லை," என்றேன். "ஏன் கேட்கிறீர்?"

காசிம் தலையிலடித்துக்கொண்டார்.

"நாலு நாளா கூடவே வந்துபுட்டு இன்னும் சொல்லலியா? சாப், நான் சொல்றேன் கேளுங்க. உங்கள இங்கன பேசக் கூப்புடல. கஞ்சி வாங்கக் கூப்புட்டிருக்காக."

பிறகுதான் செல்லையா மெல்ல மெல்லச் சொன்னார். முத்தாயியின் பிறந்தகத்தில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. தாய்க்கு நோற்கும் முழுநிலா நோன்பின் முதற் கஞ்சியை, அந்த வீட்டு நீரையோ சோற்றையோ ஒருநாளும் தொட்டறியாத வெளியாள் ஒருவர் வந்து, தரையில் அமர்ந்து, பசிக்கிறது என்று வாய்விட்டுக் கேட்டு, இரு கையும் ஏந்தி வாங்கி உண்ண வேண்டும். அதுவரை நோற்றவள் நாவை நனைக்கலாகாது. வெளியாள் உண்ணாவிட்டால் இறந்த தாய் பசியோடே இருப்பாள் என்பது நம்பிக்கை. இலங்கையில் அதற்கு ஆளுக்குக் குறைவில்லை. தோட்டந்தோட்டமாய்ச் சுற்றும் பண்டாரங்கள் இருந்தார்கள். கட்சாலிலோ நுழைவிசைவு இல்லாமல் ஈ, எறும்பு வராது. இருப்பவர் அனைவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்டவர்கள். தீவின் நிக்கோபாரியர்கூடத் தேங்காய் கொண்டுவந்து கொடுத்துப் பண்டமாற்றாய்ச் சோறு வாங்கி உண்டு உறவாகிவிட்டார்கள்.

"நானும் லாயக்கு இல்லியாம்," என்றார் காசிம். "ஆறு மாசமா அக்கா கையால மீன் கொழம்பு தின்னு கெடுத்துக்கிட்டேன். சித்திரை வருதேன்னு யோசிச்சுத் தின்னுருக்கணும்."

"அந்தத் துண்டு?" என்று கேட்டேன்.

"வாங்குறவங்களுக்குக் குடுக்குறதுங்க. ஏழபாழைக்குக் குடுக்குறாப்புல," என்று சொல்லிவிட்டுச் செல்லையா நாவைக் கடித்துக்கொண்டார்.

எனக்குச் சினம் மூண்டது. மறைப்பதில் பயனில்லை. "நான் பேச வந்தவன், இரக்க வந்தவனல்லன்! முப்பதாண்டுகளாய் எதை எதிர்த்து நாடெங்கும் முழங்கினேனோ அதை ஒரு மாலைப்பொழுதில் செய்ய மாட்டேன். உம் மனைவியிடம் நானே எடுத்துரைப்பேன். அவரை நீரருந்தச் செய்வது என் பொறுப்பு."

"முத்தாயிக்காகிட்டப் பேசி ஜெயிச்சவன் இந்தத் தீவுல எவனும் இல்ல, சாப்," என்றார் காசிம். "தோட்டத்துப் பெரிய தொரையே சலாம் போட்டுட்டு வேற பக்கமாப் போயிருவாரு."

செல்லையா துண்டை மடித்துப் பைக்குள் அடியில் வைத்தார். ஐந்தே முக்காலுக்கு எங்கள் முதுகுப்புறம், கடல்மேல், நிலா எழுந்தது. செந்நிறமாய், தாம்பாளம்போல் எழுந்த அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. மூவரும் பாறையின்மேல் ஏறும் நீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு மணியாகப் பத்து மணித்துளி இருக்கையில் காசிம் விசையை முடுக்கினார். படகின் அடி இருமுறை உராய்ந்தது. மூன்றாம் முறை அலை எங்களைத் தூக்கி அப்பால் போட்டது.

கரையிலிருந்து குடியிருப்பு மூன்று கல். மண்பாதை. பகலில் தோட்டத்துச் சரக்குந்து செல்லும், மாலையில் நடைதான். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாய் நின்றன. அவற்றினூடே நிலவு துண்டுதுண்டாய் விழுந்தது. செருப்புப் போதாது, அட்டை ஏறும், மூடுகாலணி கொண்டு செல்க. செல்லையா ஓட்டமும் நடையுமாய் முன்னே சென்றார். நான் என் சொற்களை அடுக்கிக்கொண்டே பின்தொடர்ந்தேன். உடலைக் கெடுக்கும் நோன்பு அன்பாகாது என்பது முதற் கூற்று. வாழும் தாயாகிய உனக்கு மக்கள் உண்டு என்பது இரண்டாம் கூற்று. அதன் மறுப்புக்கு மறுப்பையும் ஆயத்தம் செய்தேன்.

ஏழு மணிக்குச் சென்று சேர்ந்தோம். தகரக் கூரை வேய்ந்த வீடுகள் இரண்டு வரிசை; நடுவே மரம் வெட்டித் திருத்திய திடல். வேல் நட்ட மண்மேடையில் தேங்காய் நெய் விளக்கு எரிந்தது. நாற்பது பேர் இருப்பார்கள். அடுப்பின்மேல் பெரிய ஏனத்தில் கஞ்சி. ஒருவரும் உண்டிருக்கவில்லை. முதற் கஞ்சி போகாமல் அடுத்த கஞ்சி வார்க்கக் கூடாதாம்.

முத்தாயி, அடுத்த வீட்டுக்காரி இராமாயியின் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். உதடுகள் வெடித்து வெளுத்திருந்தன. மாலையிலேயே ஒருமுறை மயங்கி விழுந்துவிட்டாளாம். பல்லைக் கிட்டிக்கொண்டதால் ஈரத்துணிகூட உள்ளே போகவில்லை என்றாள் இராமாயி.

"வந்துட்டாகளா?"

"வந்துட்டாரு, புள்ள," என்றார் செல்லையா. என்னைப் பார்த்த அவர் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

அவள் கையூன்றி எழுந்து அமர்ந்தாள். நான் அவளெதிரே நின்று பேசினேன். மெய்யாகவே நன்றாகப் பேசினேன். குரலைத் தாழ்த்தி, அடுக்கிவந்த ஒவ்வொன்றையும் எடுத்துரைத்தேன். இறுதியில் சொன்னேன்: "அம்மா, நான் யாரிடமும் கை ஏந்தாதவன். ஏந்துவது இழிவு என்று ஊர்ஊராய்ச் சொன்னவன். உன் கஞ்சியை மதிக்கிறேன். ஆனால் அவ்வாறு வாங்கேன். என் சொல்லை ஏற்று நீரருந்து."

அவள் முழுவதும் கேட்டாள். கேட்டு முடித்து மூச்சு வாங்கினாள்.

"நல்லாப் பேசுறீக, சாமி. கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்கம்மா எப்பிடிச் செத்துச்சு தெரியுமா? கப்பல்ல எறங்கி முகாமுல கெடந்தோம். சோத்து வரிசையில நின்னுச்சு. தட்டோட. கைய நீட்டிக்கிட்டே சரிஞ்சிருச்சு. ஆயுசெல்லாம் ரப்பர்ப் பால் வெட்டுன கை அது. நீட்டுன கையோடதான் எடுத்துப் பொதைச்சோம், மடங்கல." மறுபடி மூச்சு வாங்கினாள். "அந்தக் கையி இழிவுங்கிறீகளா? சொல்லுங்க. சொல்லிட்டுப் போயிருங்க. நான் ஒண்ணுங் கோவிச்சுக்கிற மாட்டேன்."

அவள் பக்கவாட்டில் சாயத் தொடங்கினாள். இராமாயி தாங்கிப் பிடித்தாள். என்னிடம் மறுப்புக்கு மறுப்பு ஆயத்தமாய் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? அதை அடுக்கியபடியே விட்டுவிட்டேன்.

நான் தரையில் அமர்ந்தேன். இரு கையையும் சேர்த்து நீட்டினேன். ஒருவர் முன்னும் அவ்வாறு நீட்டிப் பழகாத கைகள். எவ்வளவு உயரத்தில் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"கேக்கணும்," என்றாள் இராமாயி. "மூணு தடவ. அப்பத்தான் அது ஊத்தும்."

"அன்னையே, பசிக்கின்றது," என்றேன்.

"ஆத்தாடி! இது மேடப் பசியால்ல இருக்கு! மைக்கு ஒண்ணுதான் கொறச்சல்!" என்றாள் இராமாயி. அழுதுகொண்டிருந்த பெண்களும் சிரித்துவிட்டார்கள். முத்தாயியின் வெடித்த உதடும் சற்று விரிந்தது.

"நெசமாவே பசிக்குதா, சாமி?" என்று கேட்டாள்.

அதுவரை நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. கார் நிக்கோபாருக்கு முந்திய நாளிலிருந்து என் வயிற்றில் ஒன்றுமே இல்லை. குடல் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கஞ்சியின் ஆவி முகத்தில் பட்டது.

"பசிக்குது, தாயி," என்றேன். "ரெண்டு நாளாச் சாப்பிடல. பசிக்குது."

செல்லையா அவள் கையைத் தாங்கிக்கொண்டார். ரப்பர்ப் பால் ஏந்தும் தேங்காய்ச் சிரட்டைகளில் புதிதாய் ஒன்றைக் கழுவி வைத்திருந்தார்கள். அதில் மொண்டு மூன்று முறை என் கையில் வார்த்தாள். நொய்யரிசியும் தேங்காய்ப்பாலும். உப்பில்லை, அந்நோன்புக்கு உப்பு ஆகாது. விரலிடுக்கில் வழிந்ததையும் நான் நக்கி உண்டேன். அவள் என் தொண்டை இறங்கும் வரை பார்த்திருந்துவிட்டுத்தான் நீரை வாங்கினாள். ஒரு மிடறு. இன்னொரு மிடறு. பிறகு சிரட்டையைப் பிடுங்கிக்கொண்டு குடித்தாள். செல்லையா அங்கேயே, எல்லோர் முன்பும், தலையில் கை வைத்து அமர்ந்துவிட்டார். அதன்பின் திடல் முழுவதும் கஞ்சி பரிமாறப்பட்டது. புதுத்துண்டு என் தோளுக்கு வந்தது. பெட்டியில் கிடக்கும் அத்தனை துண்டுகளிலும் அது ஒன்றே நான் பசித்துப் பெற்றது. அன்று என்னைப் பேசுமாறு யாரும் கேட்கவில்லை.

கப்பல் திரும்பும்வரை மூன்று நாள் அங்கே தங்கினேன். இரண்டாம் நாளே முத்தாயி எழுந்து, பால் வெட்டப் போகிறேன் என்று கிளம்பிக் கணவனிடம் ஏச்சு வாங்கினாள். லம்பா லைனில் நான் சொன்ன அந்த மூன்று வரிகளை இப்போது எந்த மேடையிலும் சொல்வதில்லை. இரத்தலை இன்னும் எதிர்க்கிறேன். ஏந்திய கையை எதிர்ப்பதில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்க எனக்கு இன்னும் நல்ல சொற்கள் அமையவில்லை.

புறப்படும்போது, அடுத்த சித்திரையிலும் நானே வந்து கஞ்சி வாங்கிக்கொள்கிறேன் என்றேன். முத்தாயி கையை விரித்துவிட்டாள்.

"நீங்க ஆகாது. நம்ம வீட்டுக் கஞ்சி குடிச்சிட்டீகள்ல? இனிமே நீங்க நம்ம ஆளு. எப்ப வேணாலும் வாங்க, மீன் கொழம்பு வைக்கிறேன். கஞ்சிக்கு வேற ஆளா அனுப்பி வையுங்க."

ஆகவே இக்கட்டுரையைப் படிப்போருள் ஒருவர் செல்ல வேண்டும். தை மாதத்திலேயே நுழைவிசைவுக்கு எழுதுங்கள். அழைப்பு மடலைச் செல்லையா அனுப்புவார். முழுநிலாவுக்குப் பத்து நாள் முன்பே போர்ட் பிளேயர் சேருங்கள். முழுநிலாவை ஒட்டி வரும் கப்பலை நம்பாமல் அதற்கு முந்திய கப்பலில் ஏறுங்கள். முன்னதாகச் சென்றால் காசிமின் படகிலோ நிக்கோபாரியர் வீட்டிலோ உண்டுகொள்ளலாம், குடியிருப்பில் மட்டும் நீரும் தொடாதீர்கள். பேச ஒன்றும் ஆயத்தம் செய்ய வேண்டியதில்லை. அன்று காலையிலிருந்து உண்ணாதிருங்கள். பசிக்கிறதா என்று முத்தாயி நேருக்கு நேராகக் கேட்பாள்.